ஒன்பதாம் மாதத்து ஊசி இங்கே ஏன் கணக்கில் வராது

அன்புள்ள தங்கைக்கு,

திருகோணமலையில் எல்லா ஊசிகளையும் முறைப்படி போட்டு முடித்த உங்கள் ஐந்து வயது மகளுக்குக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மீண்டும் ஊசி போடச் சொல்வது ஏன் என்றும், ஊசி வேண்டாம் என்னும் விலக்குப் பத்திரத்தில் கையொப்பமிட்டால் போதும் என்று அயலவர் சொல்வது சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2001 இல் உவர்மலையிலிருந்து மகனுடன் ஸ்காபரோவுக்கு வந்த எனக்கும் மகனுக்கு மீண்டும் ஊசி போடச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. எங்கள் ஊர் மருத்துவமாதுவின் கையெழுத்தை இவர்கள் நம்பவில்லை என்று எண்ணிச் சில நாள் கோபத்தோடு இருந்தேன். எல்லாம் திகதிக் கணக்குத்தான் என்பது பிறகே விளங்கியது.

இலங்கையில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி 9 ஆம் மாதத்திலும் 3 வயதிலும் போடப்படுகிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள்கள் குழந்தையின் உடலில் எஞ்சியிருந்தால் ஊசியின் பலன் குறையக்கூடும் என்பதால், முதலாவது பிறந்தநாளுக்கு முன் போட்டதை ஒன்ராறியோ கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே உங்கள் மகளின் இரண்டு ஊசிகளும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. கொப்புளிப்பானுக்கும், மூளைக்காய்ச்சலை உண்டாக்கக்கூடிய மெனிங்கோகொக்கல் நோய்க்கும் உரிய ஊசிகள் ஊரின் அரச அட்டவணையில் இல்லை. இங்கே பாடசாலைப் பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டும். 2016 ஏப்ரலுக்குப் பின் கொடுக்கப்பட்ட போலியோச் சொட்டு மருந்தும் இங்கே எண்ணப்படுவதில்லை. மருத்துவர் ஊசி போட்டாலும் அதைப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டியவர் பெற்றோரே என்பதையும் மறக்க வேண்டாம். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இவ்விடத்தில்தான். பதிவு வந்து சேராவிட்டால் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து 20 நாள் வரை இடைநிறுத்தவும் முடியும்.

விலக்குப் பத்திரம் இருப்பது உண்மை. ஆனால் மனச்சாட்சி அல்லது சமயக் காரணம் காட்டுவோர் முதலில் ஒரு விளக்க வகுப்பில் அமர்ந்து, பிறகு சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். நோய் பரவும் காலத்தில் அந்தப் பிள்ளையை வீட்டில் நிறுத்தச் சொல்லவும் கூடும்.

அப்படியொரு காலத்தை இப்போதுதான் கடந்தோம். 1998 இலேயே சின்னமுத்தை ஒழித்த நாடாகக் கணிக்கப்பட்ட கனடாவில் 2024 ஒக்டோபரில் அது மறுபடி பரவத் தொடங்கி, 5,000 இற்கும் அதிகமானோரைத் தொற்றி, 2025 நவம்பரில் அந்தத் தகுதியையே பறித்தது. ஒன்ராறியோவில் மட்டும் 2,300 இற்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். பெரும்பாலோர் ஊசி போடாதவர்கள். இலங்கையோ 2019 இல் அதே ஒழிப்புத் தகுதியைப் பெற்றது. வெட்கப்பட வேண்டியது யார் என்று நான் சில வேளை யோசிப்பதுண்டு.

சின்னமுத்து ஊசியால் பிள்ளைகளுக்கு ஓட்டிசம் (மதியிறுக்கம்) வரும் என்று உங்கள் சித்தி வாட்ஸ்அப்பில் அனுப்பிய கதை, 1998 இல் வேக்ஃபீல்ட் என்பவர் 12 பிள்ளைகளை மட்டும் வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பியது. அக்கட்டுரை 2010 இல் மீளப் பெறப்பட்டது. அவர் மருத்துவப் பதிவையும் இழந்தார். போர்க் காலத்திலும் பதிவுப் புத்தகத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு கிளினிக்கில் வரிசையில் நின்ற எங்கள் பெண்கள், இங்கே வந்தபின் இத்தகைய கதைகளுக்குச் செவிசாய்ப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

கடிதம் வரும்வரை காத்திராமல், ஊரிலிருந்து கொண்டுவந்த அந்தப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வைத்துவிட்டு, குடும்ப மருத்துவரிடம் நாள் குறியுங்கள். விடுபட்டவற்றில் பலவற்றை ஒரே நாளில் இரு கைகளிலும் போட்டுவிடுவார்கள். அன்று பின்னேரம் பிள்ளைக்குச் சற்றுக் காய்ச்சல் காயலாம். மறுநாள் பாடசாலை இல்லாத வெள்ளிக்கிழமையாகப் பார்த்துக் குறிப்பது நல்லது.