நண்பன் முன்னால் போகிறான், நான் பின்னால்...

கேள்வி: எனக்கு வயது 26. தண்டையார்பேட்டை. கன்டெய்னர் யார்டில் வேலை. தினமும் சைக்கிளில்தான் போய் வருகிறேன், கியர் இல்லாத பழைய வண்டி. ஆறாம் வகுப்பிலிருந்து கூடவே இருக்கும் நண்பன் இப்போது நல்ல சம்பளத்தில் இருக்கிறான், கியர் சைக்கிள் வாங்கியிருக்கிறான். பொங்கல் கழிந்து நாலு நாள், முடிந்த வரை மண் பாதையிலேயே பூண்டி, பழவேற்காடு எல்லாம் சுற்றி 300 கிலோமீட்டர் போய் வரலாம் என்கிறான். எனக்கும் ஆசைதான். ஆனால் போன மாதம் செங்குன்றம் போனபோதே ஏரிக்கரையில் எனக்காக அரை மணி நேரம் காத்திருந்தான், அவன் முகம் சரியில்லை. போனால் சண்டை வருமோ, வரவில்லை என்றால் தப்பாக நினைப்பானோ என்று குழப்பமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், சென்னை 81

பதில்: தம்பி, போய் வாருங்கள். ஆனால் 300 கிலோமீட்டர் வேண்டாம். கிளம்புவதற்கு முன் நண்பனிடம் ஒன்றைப் பேசி முடித்துவிட வேண்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல வருஷம் முன்பு நானும் ஒரு நண்பரும் பழவேற்காடு பக்கம் மண் பாதையில் போனோம். அவர் வேகக்காரர். ஒரு வளைவுக்குப் பிறகு அவர் கண்ணில் படவே இல்லை. அந்த நேரம் பார்த்து எனக்குப் பின் டயர் பஞ்சர். அவசரத்தில் பழைய ட்யூபைக் கழற்றிப் புதுசைப் போட்டுக் காற்றடித்துக் கிளம்பினேன். ஐந்து நிமிஷத்தில் அதுவும் இறங்கிவிட்டது. டயருக்குள்ளேயே சீமைக் கருவேல முள் உடைந்து நின்றிருந்தது, அதை எடுக்காமல் விட்டிருக்கிறேன். கையில் வேறு ட்யூப் இல்லை. ஒட்டுப் போடும் சாமான் நண்பர் பையில். மதிய வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். அவர் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். கோபத்தில் நான் பேசவில்லை, பேசாததைப் பார்த்து அவரும் பேசவில்லை. மீதி ஒன்றரை நாளும் அப்படியே கழிந்தது. நாங்கள் மறுபடி சகஜமாகப் பேச மூன்று மாதம் ஆனது. அவர் கெட்டவர் இல்லை. யார் முன்னால் போவது, எங்கே நிற்பது என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை, அவ்வளவுதான்.

அதனால் உங்கள் நண்பரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "எனக்கு வர ஆசை. மண் பாதையில் நான்தான் முன்னால் போவேன், நீ பின்னால் வா. தார் ரோட்டில் நீ வேகமாகப் போய்க்கொள், ஆனால் பாதை பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் நின்றுவிடு. ஒரு நாளைக்கு ஐம்பதைச் சுற்றித்தான். இதற்குச் சம்மதமா?" வேகம் குறைந்தவர் முன்னால் போனால் இருவருக்கும் இடையே தூரம் விழாது. பின்னால் வருபவருக்கும் காத்திருக்கும் எரிச்சல் இல்லை. சம்மதம் என்றால் நாள் பாருங்கள். "அப்புறம் பார்க்கலாம்டா" என்று மழுப்பினால், இருவரும் ஒரு நாள் மட்டும் எங்காவது போய் வாருங்கள், நாலு நாள் வேண்டாம்.

பண விஷயமும் முன்பே பேச வேண்டியதுதான். ஆளுக்குச் சமமாக ஒரு தொகையை ஒரே பையில் போடுங்கள். சாப்பாடு, அறை எல்லாம் அதிலிருந்துதான். எவ்வளவு என்பதை உங்கள் சம்பளத்தை வைத்து நீங்களே சொல்லுங்கள். அவர் ஏசி அறை கேட்டால் கூடுதல் பணம் அவருடையது. இதை வெட்கப்படாமல் சொல்லலாம்.

சரி, பாதைக்கு வருவோம். இரண்டு ஆறுகளையும் ஒரு கால்வாயையும் வைத்து ஒரு வட்டம் போட்டால் உங்களுக்கு அழகாக அமையும். முதல் நாள் விடியுமுன் கிளம்பி மூலக்கடை, மாதவரம், செங்குன்றம். அந்தச் சாலையில் லாரிகள் எப்படி வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஏழு மணிக்குள் செங்குன்றத்தைத் தாண்டிவிடுங்கள். அங்கிருந்து அலமாதி வழியாகத் தாமரைப்பாக்கம். நம் எண்ணூரில் கடலில் கலக்கும் கொசஸ்தலை ஆற்றை அங்கே அணைக்கட்டில் பார்க்கலாம். மதியத்துக்குள் பெரியபாளையம் போய்விடலாம். பவானி அம்மன் கோயிலுக்கு வருபவர்களுக்காக அங்கே தங்கும் இடங்கள் உண்டு. ஆடி மாதம் என்றால் கால் வைக்க இடம் இருக்காது, தையில் கஷ்டமில்லை.

அங்கேயே இரண்டு இரவு தங்குங்கள். இரண்டாம் நாள் மூட்டையை அறையில் வைத்துவிட்டு வெறும் வண்டியோடு ஊத்துக்கோட்டை போனால், கிருஷ்ணா நீர் தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடம் பக்கத்தில்தான். அங்கிருந்து பூண்டி ஏரி வரை சுமார் 25 கிலோமீட்டருக்குக் கால்வாய் வருகிறது. கரையில் மண் பாதை. காவலுக்கு இருப்பவர் போக வேண்டாம் என்றால் வாதாடாமல் ஊர்ச் சாலைக்கு இறங்கிவிடுங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: எவ்வளவு வெயில் அடித்தாலும் கால்வாயில் கால் நனைக்கக்கூட இறங்காதீர்கள். இரண்டு பக்கமும் சரிவு, பாசி வழுக்கும், நீச்சல் தெரிந்தவராலும் பிடித்து ஏற முடியாது.

பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் கட்டி முடித்தது. அங்கே தொல்பழங்கால அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, அவசரப்படாமல் பாருங்கள். பக்கத்து அதிரம்பாக்கத்தில் கிடைத்த கல் ஆயுதங்களில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுக்கு முந்தியவை என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. நண்பர் குடியம் குகைக்கும் போகலாம் என்பார். அது காட்டுக்குள் இருக்கிறது, வனத்துறையிடம் கேட்காமல் போகக் கூடாது. இந்த முறை விட்டுவிடுங்கள். இரண்டாம் நாள்தான் தூரம் அதிகம், எழுபதை நெருங்கும். மூட்டை இல்லாததால் சமாளிக்கலாம்.

மூன்றாம் நாள் ஆரணி ஆற்றை ஒட்டி பொன்னேரி வரை, குறைந்த தூரம். நாலாம் நாள் காலை பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அது. தை மாதத்தில் பூநாரைகள் வந்திருக்கும். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளும் பார்க்க வேண்டியவை. ஏரியோரத்தில் தரை காய்ந்தது போல இருக்கும், நம்பி வண்டியை விடாதீர்கள். மேலே வெடித்த தோல், கீழே களி. சக்கரம் அரை அடி புதைந்தால் களி பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது. காலடித் தடமும் மாட்டு வண்டித் தடமும் இருக்கிற இடத்தில் மட்டும் போங்கள்.

திரும்பும்போது மீஞ்சூரிலிருந்து ஓட்ட வேண்டாம். வல்லூர், மணலி பக்கம் துறைமுக லாரிகள் நடுவே களைத்த உடம்போடு ஓட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு குட்டி யானை பேசி இரண்டு வண்டியையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். அதற்கான பணத்தை முதல் நாளே பையில் தனியாக எடுத்து வையுங்கள். நடுவில் யாருக்காவது முடியவில்லை என்றாலும் அந்தப் பணம் உதவும்.

உங்கள் பழைய வண்டி போதுமா என்று கேட்கத் தயங்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். போதும். இந்த வட்டத்தில் மலை ஏற்றம் கிடையாது. பின் டயர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், பிரேக் கட்டை புதுசு போடுங்கள். சீட்டில் உட்கார்ந்து பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வையுங்கள், கால் நேராக நீள வேண்டும். பலர் சீட்டைத் தாழ்வாக வைத்துக்கொண்டுதான் இரண்டாம் நாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். உங்கள் அளவில் இரண்டு ட்யூப், ஒட்டு, சொல்யூஷன், உப்புத்தாள், பம்ப் எல்லாம் உங்கள் பையிலேயே இருக்கட்டும். நண்பருக்கு அவர் அளவில் தனி. பஞ்சரானால் புது ட்யூப் போடும் முன் டயரின் உட்புறம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவுங்கள். முள் முனை சுருக்கென்று படும், வெளியிலிருந்து பிடுங்கி எடுங்கள். மணலில் முன் பிரேக்கைப் பிடிக்காதீர்கள். தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர், ஊர் வரும்போதெல்லாம் நிரப்பிக்கொள்ளுங்கள்.

வருகிற ஞாயிறு விடியற்காலை, நாலு நாளுக்கு எடுத்துப்போகிற மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு இருவரும் எண்ணூர் வரை போய் வாருங்கள். நீங்கள் முன்னால், அவர் பின்னால். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் டீ குடிக்கும்போது நான் மேலே எழுதிக் கொடுத்ததை அவரிடம் கேளுங்கள்.