எச்சிவேரியாவும் ஐப்பசி மழையும்

அன்புள்ள அக்கா,

மொட்டைமாடியில் சதைப்பற்றுச் செடிகள் வளர்க்கிறேன். ஆன்லைனில் ஆசையாக வாங்கும், ரோஜாப்பூப்போல இலையடுக்கு உள்ள எச்சிவேரியாக்கள் ஐப்பசி மழை தொடங்கியதும் அழுகிவிடுகின்றன. அடீனியமும் கற்றாழையும்தான் மிஞ்சுகின்றன. மண்கலவை சரியில்லையா? அப்புறம், மலையடிவாரத்தில் கள்ளிமுளையான் என்ற காட்டுச்செடியைப் பார்த்தேன். என் சேகரிப்புக்குப் பிடுங்கி வரலாமா?

கு., மதுரை

அன்புள்ள கு.,

மண்ணைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் ஊர் ராத்திரியைப் பாருங்கள். எச்சிவேரியாக்களில் பெரும்பாலானவை மெக்ஸிகோவின் மலைப்பகுதிகளைச் சேர்ந்தவை. அங்கே பகலில் எவ்வளவு வெயில் அடித்தாலும் இருட்டியதும் குளிர்ந்துவிடும். இந்தச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்கின்றன. ராத்திரியில்தான் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்து, மாலிக் அமிலமாகச் சேர்த்துவைக்கின்றன. விடிந்ததும் அதைக் கொண்டு உணவு தயாரிக்கின்றன. மதுரையில் மே மாதத்து ராத்திரியும் 26 டிகிரி வாக்கில் புழுங்குகிறது. அந்தப் புழுக்கத்தில் செடியால் சேமிக்க முடிவதில்லை, கையிருப்பைத்தான் கரைக்கிறது. கோடை முழுக்க இப்படி நோஞ்சானாகிப் போன செடியின் மேல் அடைமழை பெய்தால் பூஞ்சைக்கு வேலை சுலபம். அதே செடியைக் கொடைக்கானலில் வையுங்கள், பெரிதாகக் கவனிக்காவிட்டாலும் வளரும். கள்ளி நர்சரிகளுக்குப் பேர்போன, மேற்கு வங்கத்துக் காலிம்போங்கும் மலையூர்தான்.

மண்ணிலும் கொஞ்சம் தப்பு இருக்கலாம். கடைச்செடி பெரும்பாலும் கோகோபீட்டில் (தேங்காய் நார்த்தூளில்) வரும். அதை உதிர்த்துவிட்டு, சலித்த செங்கல் சில்லும் கழுவிய எம்-சாண்டும் பாதிக்கு மேல் சேர்த்து நடுங்கள். மழைக்காலத்தில் மேலே ஒரு ஷீட் கட்டாயம். இவ்வளவு செய்தும் எச்சிவேரியா போனால் விட்டுவிடுங்கள். நம் வெயிலுக்கு ஒத்துவராத செடியை வருஷாவருஷம் வாங்கிக் கொல்வதைச் சேகரிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடீனியம் ஏன் பிழைக்கிறது என்று பாருங்கள். அதன் ஊர் அரேபியாவும் ஆப்பிரிக்காவும். வெக்கை அதற்குப் பழக்கம். தென்னாப்பிரிக்க ஹவொர்தியாவும் கஸ்டீரியாவும் பாதி நிழலில் நிம்மதியாக இருக்கும். மடகாஸ்கரிலிருந்து வந்த முள்கிரீடம் வருஷம் முழுக்கப் பூக்கும். வாசலில் தொங்கும் பிரண்டையும் தண்டில் நீர் சேமிக்கிற செடிதான். சதுரக்கள்ளியை ஒரு தொட்டியில் வைத்துப் பாருங்கள், பணம் கொடுத்து வாங்கிய எதற்கும் சளைத்ததில்லை. கிள்ளும்போது மட்டும் பால் கண்ணில் படக்கூடாது.

கள்ளிமுளையானுக்கு வருகிறேன். விரல் தடிமனில் நாலு பட்டைத் தண்டு, ஓரமெல்லாம் சின்னப் பற்கள், இலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. முள்புதரின் நிழலில் புல்லோடு புல்லாக நிற்கும். ஆடு மேய்ப்பவர்கள் பசிக்கு ஒடித்து மென்றிருக்கிறார்கள். பூ வந்தால்தான் அது இருப்பதே கண்ணுக்குத் தெரியும்.

பிடுங்காதீர்கள். காப்புக்காட்டில் எடுத்தால் சட்டப்படி குற்றம், அது ஒரு பக்கம். இந்தப் பிடுங்கல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2020-இல் இத்தாலியில் ஒரு சேகரிப்பாளரிடம், காட்டிலிருந்து திருட்டுத்தனமாகப் பிடுங்கிவந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளிகளைப் போலீஸ் பிடித்தது. பல, சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் மட்டுமே வளரும் கோப்பியாபோவா. மெதுவாக வளரும் இனம் என்பதால் சில செடிகளுக்கு நூறு வயதுக்கு மேல் இருக்கும் என்றார்கள். அவற்றில் 844 செடிகள் 2021-இல் சிலிக்குத் திரும்பின. தென்னாப்பிரிக்காவில் கோனோஃபைட்டம் என்ற குட்டிச் சதைப்பற்றுச் செடிகளுக்கும் இதே கதிதான், அங்கே பிடுங்கப்பட்ட செடிகளின் கணக்கு லட்சங்களில் போகிறது. வாங்குகிறவர்கள் எல்லாருமே செடிப் பிரியர்கள் என்பதுதான் எரிச்சலான விஷயம்.

தனியார் நிலத்தில், வேலியோரம் இருந்தால் உரியவரிடம் கேட்டு ஒரே ஒரு தண்டு ஒடித்து வாருங்கள், வேரைத் தொட வேண்டாம். வெட்டிய இடம் காய நாலைந்து நாள் நிழலில் போட்டுவைத்துவிட்டு, ஈரமில்லாத மண்ணில் படுக்க வையுங்கள், லேசாகத் தெளித்தால் போதும். ஒன்று மட்டும் கவனம்: தண்டின் நுனியில் பந்துபோலக் கொத்தாகப் பூக்கிற வகையாக இருந்தால் சமையலறை ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். அழுகிய இறைச்சி நாற்றம் அடிக்கும். மகரந்தச் சேர்க்கைக்கு அது கூப்பிடுவது ஈக்களை. பூக்கும்போது படம் அனுப்புங்கள், படத்தில் நாற்றம் வராது.