மயில்துத்தத்தில் 8.6 சதவீதம் எங்கே போனது?

கேள்வி: சார், நான் புளியரையிலிருந்து செங்கோட்டைக்குப் போய் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். மயில்துத்தத்தை (நீல நிறக் காப்பர் சல்பேட்) சூடாக்கி அதில் எவ்வளவு படிகநீர், அதாவது படிகத்துக்குள்ளேயே பிணைந்திருக்கும் தண்ணீர், இருக்கிறது என்று பார்த்தோம். 5.00 கிராம் எடுத்தேன், வெள்ளையானதும் இறக்கி ஆறவைத்து எடை போட்டால் 3.35 கிராம். அப்போது தண்ணீர் 33 சதவீதம், வரவேண்டியதோ 36.1. பக்கத்து பெஞ்சுக்காரன் பிழை 3.1 சதவீதம் என்கிறான், எனக்கு 9.4 வருகிறது, புனலூரில் படிக்கும் மாமா மகன் போனில் 8.6 என்கிறான். எது சரி? எடை போடும்போது தூளின் ஓரத்தில் லேசாக நீலம் தெரிந்தது. பேசாமல் 3.20 என்று மாற்றி எழுதிவிடலாமா?
(மாணவர், புளியரை)

பதில்: மாற்றாதே தம்பி. அந்த 3.35-தான் நீ கண்ணால் பார்த்த எண், உன் ரெக்கார்டு நோட்டிலேயே மதிப்பானது அதுதான்.

கணக்கில் புனலூர்க்காரர் சொன்னதுதான் சரி. 36.1-லிருந்து 33-ஐக் கழித்து வரும் 3.1 வெறும் வித்தியாசம், இரண்டும் சதவீதமாக இருப்பதால் அதையே பிழைச் சதவீதம் என்று உன் நண்பன் நினைத்துவிட்டான். அந்த 3.1-ஐ வரவேண்டிய 36.1-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 8.6. நீ உன் விடையான 33-ஆல் வகுத்துவிட்டாய், அதனால் 9.4. இருபது கிலோ மூட்டையில் ஒரு கிலோ குறைந்தால் இருபதுக்கு ஒன்று என்றுதானே சொல்வோம், பத்தொன்பதுக்கு ஒன்று என்றா சொல்வோம்?

அந்த 8.6-க்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போடு. பல புத்தகங்களில் குறியை விட்டுவிடுவார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனென்றால் என்ன நடந்தது என்பதைச் சொல்வதே அந்தக் குறிதான். குறைவாக வந்தால் தண்ணீர் முழுதாகப் போகவில்லை, அல்லது போனது திரும்பி வந்துவிட்டது. மயில்துத்தத்தில் ஒரு மூலக்கூறுக்கு 5 நீர். நான்கு சுமார் 110 டிகிரிக்குள் கிளம்பிவிடும், ஐந்தாவது பிடிவாதக்காரன், 200-ஐத் தாண்டினால்தான் அசையும். அந்த ஒன்று முழுதாகத் தங்கியிருந்தால் உனக்கு 28.9-தான் வந்திருக்கும், பிழை 20 சதவீதத்தைத் தொட்டிருக்கும். அதிகமாகச் சூடாக்கி தூள் கறுத்திருந்தால் எடை இன்னும் இறங்கி, விடை 36.1-ஐத் தாண்டிப் போயிருக்கும். உனக்கு இரண்டும் இல்லை, சுமார் 0.15 கிராம் தண்ணீர்தான் கணக்கில் இடிக்கிறது. தராசு மேல் பழி போடவும் முடியாது, ஒவ்வொரு முறையும் 0.01 கிராம் தவறினால்கூட 1.65-ல் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேதான் வரும்.

அப்புறம் அந்த நீல ஓரம். நீரில்லாத மயில்துத்தம் ஈரத்தைக் கண்டால் உடனே நீலமாகும். சாரல் காலத்தில் உங்கள் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்து ஆறவிட்டால் வேறென்ன ஆகும்? அதை அப்படியே ஒரு வரி எழுதிவிடு.

அடுத்த முறை ஆறும்போது டெசிக்கேட்டருக்குள் (ஈரம் புகாமல் காக்கும் மூடிய கண்ணாடிப் பாத்திரம்) வை, இல்லாவிட்டால் மூடியாவது போடு. எடை பார், மறுபடி ஐந்து நிமிடம் மிதமாகச் சூடாக்கு, ஆறவிட்டு மறுபடி பார். அடுத்தடுத்த இரண்டு எடையும் ஒன்றாக வரும்வரை நிறுத்தாதே.