மைனர் கீயும் அதன் மூன்று ஸ்கேல்களும்: கேள்வி பதில்

கேள்வி: மேற்கத்திய இசையில் மேஜர் கீக்கு ஒரே ஸ்கேல் (சுர வரிசை) போதுமென்றிருக்க, மைனர் கீக்கு மட்டும் ஏன் மூன்று?

பதில்: பாடப்புத்தகங்கள் மூன்றாகப் பிரித்து எழுதுவதால் வரும் குழப்பம் இது. கீ, அதாவது ஒரு சுரத்தை வீடாகக் கொண்ட சுரக் குடும்பம், ஒன்றுதான்; அதன் முதல் ஐந்து சுரங்கள் அசையாமல் நிற்க, ஆறாவதும் ஏழாவதும் மட்டும் இடத்திற்கேற்ப அரைச்சுரம் (கீபோர்டில் அடுத்த கட்டை வரையிலான தூரம்) உயர்கின்றன. ஏ மைனரில் ஏ, பி, சி, டி, இ ஆகியவை நிலையானவை. எஃப், ஜி இரண்டையும் அப்படியே விட்டால் நேச்சுரல் மைனர். ஜி-யை மட்டும் அரைச்சுரம் உயர்த்தி ஜி ஷார்ப் ஆக்கினால் ஹார்மோனிக் மைனர். எஃப்பையும் சேர்த்து உயர்த்தினால் மெலோடிக் மைனர். ஒரே பாடலில் மூன்றும் கலந்து வருவதே வழக்கம்.

கேள்வி: ஏழாவது சுரத்தை உயர்த்துவதால் என்ன பயன்?

பதில்: கீபோர்டில் இ, ஜி, பி ஆகிய மூன்றையும் சேர்த்து வாசித்துவிட்டு ஏ மைனர் கார்டுக்கு (ஏ, சி, இ சேர்ந்து ஒலிப்பது) வந்து பாருங்கள், வீடு சேர்ந்த நிறைவு அவ்வளவாக இராது. ஜி-க்குப் பதில் ஜி ஷார்ப் வைத்து மீண்டும் வாசித்தால், அந்தச் சுரம் ஏ-க்கு அரைச்சுரமே கீழே நிற்பதால், காது ஏ-யை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். அந்த இழுப்புக்காகத்தான் இந்த மாற்றம்.

கேள்வி: அப்படியானால் ஆறாவதை ஏன் தொட வேண்டும்?

பதில்: ஜி ஷார்ப் வந்தவுடன் எஃப்புக்கும் அதற்கும் இடையே மூன்று அரைச்சுர இடைவெளி விழுகிறது. குரலில் இதைத் தாண்டுவது எளிதன்று என்பதால், மேலேறும்போது எஃப்பையும் உயர்த்தி அந்தப் பள்ளத்தை நிரப்புகிறார்கள். இறங்கும்போது ஏ-யை நோக்கிய இழுப்பு தேவைப்படாததால் இரண்டும் பழைய நிலைக்குத் திரும்பும் என்பது பாட விதி. ஆனால் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் முதலியோரின் இசையில், கீழே ஒலிக்கும் கார்டு கேட்டுக்கொண்டால், இறங்குமிடத்திலும் உயர்த்திய சுரங்களே வருவதுண்டு; ஆகவே திசையைவிடக் கார்டைக் கவனிப்பதே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: சி மேஜருக்கும் ஏ மைனருக்கும் கீ சிக்னேச்சர் (இசைத்தாளில் வரியின் தொடக்கத்தில் இடும் ஷார்ப், ஃபிளாட் குறிகள்) ஒன்றே, எப்படிப் பிரித்தறிவது?

பதில்: இசை எங்கே போய் ஓய்கிறது என்று பாருங்கள். தனியாகக் குறிக்கப்பட்ட ஜி ஷார்ப் அடிக்கடி கண்ணில் பட்டால், அது பெரும்பாலும் ஏ மைனர்.

கேள்வி: ஹார்மோனிக் மைனரும் கர்நாடக ராகமான கீரவாணியும் ஒன்றுதானா?

பதில்: சுர வரிசையில் ஒன்றே. அதுபோல நேச்சுரல் மைனர் 20-ஆவது மேளமான (மேளம் என்பது தாய் ராகம்) நடபைரவியோடும், மெலோடிக் மைனரின் ஏறுவரிசை 23-ஆவது மேளமான கௌரிமனோகரியோடும் பொருந்தும். ஆனால் 21-ஆவது மேளமான கீரவாணியில் காகலி நிஷாதம் (உயர்ந்த நி) ஆரோகணம், அவரோகணம் இரண்டிலும் மாறாது. அதை விட்டுக் கைசிகி நிஷாதத்தை (அதற்கு அரைச்சுரம் தாழ்ந்த நி) பிடித்தால் ராகமே வேறாகிவிடும். மைனர் கீயிலோ ஜி-யும் ஜி ஷார்ப்பும் அடுத்தடுத்த வரிகளில் வந்தாலும் கீ மாறுவதில்லை. கமகங்களை (சுரங்களை அசைத்துப் பாடும் முறைகளை) பற்றிய பேச்சு இதற்கு அப்பாற்பட்டது.