எல்லாரும் ஒண்ணுதான்னா ஓட்டு யாருக்கு?

வாக்களிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். எந்தக் கட்சிக்குப் போடுவது என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். எப்படி முடிவெடுப்பது என்று கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே இடம்.

எந்தக் கட்சியைப் பார்த்தாலும் வெறுப்பாக இருக்கிறது. நோட்டாவை அழுத்திவிட்டு வரலாமா, வீட்டிலேயே இருந்துவிடலாமா?
— வாசகர், திண்டுக்கல்

இரண்டில் ஒன்று என்றால் நோட்டா. உங்கள் பெயரில் வேறொருவர் போடும் வாய்ப்பையாவது அது அடைத்துவிடும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பர் 27 அன்று அளித்த தீர்ப்பால் வந்தது நோட்டா. 2014 மக்களவைத் தேர்தலில் நாட்டிலேயே அதிக நோட்டா விழுந்த தொகுதி நம் நீலகிரிதான்: 46,559. அந்த முறை அங்கே பா.ஜ.க. வேட்பாளரின் மனு தள்ளுபடியாகியிருந்தது. அ.தி.மு.க.வின் கோபாலகிருஷ்ணன் தி.மு.க.வின் ஆ.ராசாவை ஒரு லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றார். நோட்டா எதையும் மாற்றவில்லை. 2024இல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ள, நோட்டாவுக்கு 2,18,674 வாக்குகள் விழுந்தன. இரண்டாம் இடமே நோட்டாவுக்குத்தான். முதலிடத்தில் வந்தவர் எம்.பி. ஆனார், அவ்வளவுதான்.

நோட்டா முதலிடம் பிடித்தாலும் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் மறுதேர்தல் கிடையாது. அடுத்து வந்த வேட்பாளர் வென்றதாகவே அறிவிப்பார்கள். டெபாசிட் கணக்கிலும் அது சேராது. வேட்பாளர்களுக்கு விழுந்த செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குதான் டெபாசிட்டுக்கு அளவு. ஹரியானாவின் மாநிலத் தேர்தல் ஆணையம் 2018இல் தன் உள்ளாட்சித் தேர்தல்களுக்கு மட்டும் ‘நோட்டா முதலிடம் பெற்றால் மறுதேர்தல்’ என்று விதி வகுத்தது. அதை வைத்துக்கொண்டு நாடு முழுக்க அப்படித்தான் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம்.

49-ஓ என்று இன்னொன்றும் காதில் விழுந்திருக்கும். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபின் ‘வாக்களிக்க விரும்பவில்லை’ என்று அதிகாரியிடம் சொல்லி எழுதிவைக்கும் பழைய விதி. சொன்னது பூத்தில் இருக்கும் ஏஜென்ட்டுகள் அத்தனை பேருக்கும் கேட்கும். நோட்டா இருக்கும்போது அது எதற்கு?

வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தைப் பார்த்து முடிவெடுங்கள் என்கிறார்கள். பத்து, இருபது பக்கம் இருக்கிறது. அதில் எதைப் பார்ப்பது?
— வாசகி, தஞ்சாவூர்

வேட்பாளர் தன் வழக்கு, சொத்து விவரங்களை உறுதிமொழியாகத் தரும் அந்தப் பத்திரத்தின் பெயர் படிவம் 26. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் தொகுதிவாரியாக இருக்கும். தேர்தல் நடத்தும் அலுவலரின் அலுவலக அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியிருப்பார்கள். மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது இரண்டு வாரம் கிடைக்கும். ஒரு வேட்பாளர் நான்கு மனு வரை தாக்கல் செய்யலாம், திருத்திய பிரமாணப் பத்திரமும் தரலாம். ஆகவே தேதி பார்த்து, கடைசியாகத் தந்ததை எடுங்கள். முந்தையதைப் படித்துவிட்டுச் சண்டைக்குப் போகிறவர்கள் அதிகம்.

முதலில் வழக்குகள். எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம், பிரிவைப் பாருங்கள். பழைய தண்டனைச் சட்டத்தில் 143, 188, 341 என்றால் கூட்டம் கூடியது, தடையுத்தரவை மீறியது, வழி மறித்தது. மறியல் செய்தவர் மீது வழக்கமாகப் போடப்படுபவை. இருபது வழக்கும் இந்த வகை என்றால் அவர் தெருவில் இறங்கியவர் என்று மட்டுமே பொருள். 302 கொலை, 307 கொலை முயற்சி, 376 பாலியல் வன்கொடுமை, 420 மோசடி, 467, 468, 471 போலி ஆவணம். இவற்றில் ஒன்று இருந்தாலும் நின்று படியுங்கள். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா வந்ததால், 2024 ஜூலை 1 முதல் பதிவான வழக்குகளில் எண்கள் மாறிவிட்டன: கொலை 103, கொலை முயற்சி 109, மோசடி 318, தடையுத்தரவு மீறல் 223. பிறகு ‘குற்றச்சாட்டு வனையப்பட்டதா, எந்தத் தேதியில்’ என்ற கட்டம். வெறும் எஃப்.ஐ.ஆரை யார் மீதும் போட்டுவிடலாம். குற்றச்சாட்டு வனையப்பட்டது என்றால் நீதிபதி ஒருவர் ஆவணங்களைப் பார்த்து, விசாரிக்க முகாந்திரம் இருக்கிறது என்று முடிவு செய்திருக்கிறார். இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

அடுத்தது சொத்து. இந்தத் தேர்தல் பத்திரத்தை மட்டும் படித்தால் ஒன்றும் பிடிபடாது. அவர் முன்பு போட்டியிட்டபோது தந்ததையும் பக்கத்தில் வையுங்கள். பிரமாணப் பத்திரங்களைத் தொகுத்து வைக்கும் ‘மைநேதா’ தளத்தில் பழையவை கிடைக்கும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஐந்து ஆண்டுக்கு முன் 2 கோடி, இப்போது 9 கோடி. ஏற்றம் 7 கோடி. அசையாச் சொத்துப் பட்டியலில் அதே சர்வே எண்கள் விலை மட்டும் கூடி வந்திருந்தால் அதைக் கழியுங்கள். 3 கோடி என்று வையுங்கள். மீதி 4 கோடி. முதல் பக்கங்களிலேயே ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கு இருக்கும். வேட்பாளர், துணைவர் இருவருக்கும் கூட்டினால் 60 லட்சம்தான் வருகிறதா? அப்படியானால் கடன் பட்டியலைப் பாருங்கள். கடன் வாங்கி நிலம் வாங்கியிருக்கலாம். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் அதுவும் கணக்கில் குறைத்துக் காட்டும். இவ்வளவுக்குப் பிறகும் இடிக்கிறது என்றால், அவர் உங்கள் தெருவுக்கு வரும்போது கேட்க ஒரு கேள்வி கையில் இருக்கிறது.

படிவத்தில் ஓட்டைகளும் உண்டு. வேட்பாளர், துணைவர், அவர்களைச் சார்ந்திருப்போர் ஆகியோரின் சொத்து மட்டுமே வரும். சொந்த வருமானம் உள்ள மகனும் மருமகனும் ‘சார்ந்திருப்போர்’ அல்லர்; அவர்கள் பெயரில் என்ன இருந்தாலும் இங்கே தெரியாது. நிறுவனத்தில் பங்கு வைத்திருந்தால் பங்கின் மதிப்பு வருமே தவிர, நிறுவனத்தின் பெயரில் உள்ள கட்டடம் வராது. நில மதிப்பைச் சிலர் பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பிலேயே காட்டுவார்கள். சர்வே எண் இருப்பதால் அந்த மதிப்பைப் பதிவுத்துறைத் தளத்தில் நீங்களே ஒப்பிடலாம்.

பலரும் தாண்டிப் போகிற ஒரு கட்டம் இருக்கிறது: அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி, அரசு ஒப்பந்தங்கள். நெடுஞ்சாலை ஒப்பந்தக்காரர் குடும்பத்தில் யார் வேட்பாளராக நிற்கிறார் என்பது அங்கேதான் தெரியும். என்னைக் கேட்டால் நகை எத்தனை சவரன் என்பதைவிட இதுதான் முக்கியம். பத்திரிகைகள் என்னவோ சவரனைத்தான் தலைப்பில் போடுகின்றன.

பொய்த் தகவல் தந்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125-ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

குற்ற வழக்கு உள்ளவரை ஏன் நிறுத்தினோம், வழக்கில்லாத ஒருவர் ஏன் கிடைக்கவில்லை என்று கட்சியும் காரணம் சொல்லியாக வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2020 பிப்ரவரி உத்தரவு அது. ‘வெற்றி வாய்ப்பு’ என்பது மட்டும் காரணமாகாது. கட்சியின் இணையதளத்திலும் ஒரு உள்ளூர் மொழி நாளிதழிலும் இது வர வேண்டும். ஐந்து வேட்பாளருக்கும் ஒரே வாசகத்தை ஒட்டியிருந்தால், அந்தக் கட்சி உங்களை எவ்வளவு மதிக்கிறது என்பதற்கு அதுவே போதும்.

எங்கள் தொகுதி வேட்பாளர் நல்லவர். கட்சிதான் பிடிக்கவில்லை. ஆளைப் பார்ப்பதா, கட்சியைப் பார்ப்பதா?
— வாசகர், ஈரோடு

கட்சித்தாவல் தடைச் சட்டம் 1985இல் வந்தபிறகு, அவையில் கை தூக்கும் விஷயத்தில் ஆள் என்பவர் பெரும்பாலும் கட்சிதான். கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ அவைக்கு வராமல் இருந்தாலோ, கட்சி 15 நாளில் மன்னிக்காவிட்டால் பதவி போகலாம். அவைக்கு வெளியே செய்ததற்கும் போகலாம். முதல்வரை மாற்றக் கோரி அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் 18 பேர் ஆளுநரிடம் மனு கொடுத்தார்கள். 2017 செப்டம்பரில் பேரவைத் தலைவர் தனபால் அவர்களைத் தகுதி நீக்கம் செய்தார். 2018 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றமும் அது சரி என்றது.

சின்னத்தையும் பாருங்கள். கூட்டணியில் சிறிய கட்சியின் வேட்பாளர் பெரிய கட்சியின் சின்னத்தில் நின்றால், பேரவைக் கணக்கில் அவர் பெரிய கட்சி உறுப்பினர். 2021இல் ம.தி.மு.க. ஆறு இடங்களிலும் உதயசூரியனில் நின்றது, த.மா.கா. ஆறு இடங்களிலும் இரட்டை இலையில். பேச்சு அந்தக் கட்சியின் பேச்சாக இருக்கலாம், கொறடா வேறு.

தனி ஆளால் செய்ய முடிவதும் இருக்கிறது: கேள்வி நேரம், பேரவைக் குழுக்கள், ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி. இப்போதைய எம்.எல்.ஏ. மீண்டும் நிற்கிறார் என்றால், அந்த 3 கோடி எங்கே போனது என்று மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். பதிலுக்கு 30 நாள் ஆகும் என்பதால் தேர்தல் அறிவிப்புக்குப் பிறகு தொடங்கினால் கை கொடுக்காது. பணிகளின் பெயர், தொகை, முடிந்த தேதி மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். ‘பணிகள் பற்றிய விவரம்’ என்று பொதுவாகக் கேட்டால் மொத்தத் தொகையை ஒரு வரியில் எழுதி அனுப்பிவிடுவார்கள்.

தெருக் குழாயும் சாக்கடையும்தான் உங்கள் கவலை என்றால் உள்ளாட்சித் தேர்தலில் ஆளைப் பாருங்கள். ஆட்சி யார் கையில் என்பது கவலை என்றால் சட்டமன்றத் தேர்தலில் கட்சியைப் பாருங்கள்.

வாக்குறுதிகளில் எது நடக்கும், எது நடக்காது என்று கண்டுபிடிப்பது எப்படி?
— வாசகி, மதுரை

ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி: அதிகாரம் யாரிடம், பணம் எவ்வளவு.

அதிகாரத்துக்கு உதாரணம் நீட். விலக்கு பெறுவோம் என்று தி.மு.க. 2021இல் சொன்னது. பேரவை மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பியதும் 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும், கிடைக்கவில்லை. ‘மாநிலம் முயலும்’ என்பதும் ‘மாநிலம் செய்யும்’ என்பதும் வேறு. அ.தி.மு.க. பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதாவை மாநிலங்களவையில் ஆதரித்து வாக்களித்துவிட்டு, அதைத் திரும்பப் பெற வலியுறுத்துவோம் என்று 2021 அறிக்கையில் எழுதியது. அறிக்கையைப் படிக்கும்போது அதே விஷயத்தில் அவையில் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

பணத்துக்கு மகளிர் உரிமைத் தொகை நல்ல அளவுகோல். 2025-26 பட்ஜெட் வந்தபோது மாதம் 1,000 ரூபாய், சுமார் 1.15 கோடிப் பெண்கள். அந்த பட்ஜெட்டில் ஒதுக்கியது 13,807 கோடி. இதை 1,500 ஆக்குகிறோம் என்று யார் சொன்னாலும் அந்த எண்ணிக்கைக்கே ஆண்டுக்குக் கூடுதலாக 6,900 கோடி வேண்டும். அந்த ஆண்டின் வருவாய்ப் பற்றாக்குறை மட்டும் 41,000 கோடிக்கு மேல். பணம் எங்கிருந்து என்று அறிக்கையில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடுங்கள். நிதி ஆதாரத்தைப் பொதுவாகவேனும் குறிப்பிட வேண்டும் என்பது, இலவச வாக்குறுதிகள் பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்புக்குப் பின் தேர்தல் ஆணையம் வகுத்த வழிகாட்டுதல். கட்சிகள் அதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

பணம் வாங்கிவிட்டோம், சத்தியமும் செய்துவிட்டோம். மாற்றிப் போட்டால் தெரிந்துவிடுமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது தெரியாது. நீங்கள் போட்ட வாக்கை உங்களுக்குக் காட்ட இயந்திரம் அச்சிடும் விவிபாட் சீட்டு 7 விநாடி கண்ணாடிக்குள் தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழும். அதில் வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் மட்டுமே. உங்கள் பெயர் இல்லை. செல்போனை உள்ளே கொண்டுபோக முடியாது என்பதால் ‘படம் எடுத்துக் காட்டு’ என்று கேட்பவருக்கு அதையே பதிலாகச் சொல்லலாம். கண் தெரியாதவர், உடல் இயலாதவர் தவிர மற்றவருக்குத் துணையாள் கூட வர முடியாது.

ஆனால் உங்கள் பயத்தில் ஓர் உண்மை இருக்கிறது. பூத்வாரி வாக்கு விவரம் படிவம் 20இல் வெளியாகும். ஒரு பூத் என்றால் சில தெருக்கள்தான்; ஊர் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது கட்சிக்காரருக்குத் தெரிந்துவிடும். பல பூத்களின் வாக்குகளைக் கலந்து எண்ணும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் கேட்டது, சட்ட ஆணையமும் 2015இல் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. ஆக, தெரு தெரியும். நீங்கள் தெரிய மாட்டீர்கள். சத்தியத்தைப் பொறுத்தவரை, சட்டத்துக்குப் புறம்பாக வாங்கிய வாக்குறுதிக்கு எந்தக் கட்டும் இல்லை என்பது எங்கள் கருத்து. பணம் கொடுப்பதைப் போலவே வாங்குவதும் குற்றம் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. அடுத்த முறை தேர்தல் உதவி எண்ணான 1950க்கு அழையுங்கள், அல்லது தேர்தல் ஆணையத்தின் புகார் செயலியான சி-விஜிலில் படம் எடுத்து அனுப்புங்கள். பெயர் சொல்லாமலும் அனுப்பலாம்.

பிடித்த கட்சி ஜெயிக்காது. அதற்குப் போட்டால் ஓட்டு வீண்தானே?
— வாசகர், சென்னை

அதே படிவம் 20ஐ நீங்களும் பயன்படுத்துங்கள். தமிழகத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பழைய தேர்தல்களுக்கு இருக்கிறது. உங்கள் தொகுதியில் முதல் இருவருக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 30,000 என்றால் தயங்காமல் மனசுக்குப் பிடித்தவருக்குப் போடலாம். அந்த வாக்கு சதவீதம்தான் நாளை அந்தக் கட்சியின் அங்கீகாரத்துக்கும் சின்னத்துக்கும் உதவும். தியாகராய நகரில் 2021இல் வித்தியாசம் 137, ராதாபுரத்தில் 2016இல் 49. அப்படிப்பட்ட தொகுதி என்றால், முதல் இருவரில் யார் வரவே கூடாது என்று யோசித்துவிட்டுப் போங்கள். போன முறைக் கூட்டணி இந்த முறை இல்லையென்றால் பழைய எண்களை அப்படியே கூட்டக் கூடாது. பூத் எண்களும் தேர்தலுக்குத் தேர்தல் மாறும் என்பதால் எண்ணை விட்டுப் பள்ளியின் பெயரை வைத்துத் தேடுங்கள். தபால் வாக்குகள் பட்டியலின் கடைசியில் தனி வரியில் இருக்கும்.