ப்ரோபயாட்டிக் போட்டும் எச்பிஏ1சி 6.1-லயே நிக்குது – பதில்

மூணு மாசமா ப்ரோபயாட்டிக் (குடலுக்கு நல்ல பாக்டீரியா) கேப்சூல் போட்டும் எச்பிஏ1சி, அதாவது ரெண்டு மூணு மாச சராசரி சுகரைக் காட்டற ரத்த டெஸ்ட், 6.1%-லயே நிக்குதுன்னு கேட்டிருக்கீங்க. கேப்சூல் மட்டும் அதை பெருசா இறக்கும்னு எதிர்பார்க்க முடியாதுங்க. சுகர் விஷயத்துல முக்கியம் பாக்டீரியாவ விட அது நம்ம சாப்பாட்டுல இருந்து தயாரிச்சு விடற பொருள். பாக்டீரியாவுக்கு நார்ச்சத்து கிடைச்சா பியூட்டிரேட், புரோபியோனேட் மாதிரி அமிலங்கள் வரும், அது குடல்ல ஜிஎல்பி-1 ஹார்மோனைத் தூண்டும், இன்சுலினுக்கு அது பெரிய துணை. அதே குடல்ல சில பாக்டீரியா ஹிஸ்டிடின்ங்கற அமினோ அமிலத்தை இமிடசோல் புரோபியோனேட்டா மாத்திடும், இது இன்சுலின் சிக்னலையே கெடுக்குதுன்னு 2018-ல சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் காட்டினாங்க, டைப் 2 சர்க்கரை நோய் இருக்கறவங்க ரத்தத்துல இது கூடுதலாவே இருந்துச்சு.

காலையில வெள்ளை பிரெட், ராத்திரி நூடுல்ஸ்னு எழுதியிருக்கீங்க, அங்கதான் எனக்கு சந்தேகம். பாக்டீரியாவ உள்ள அனுப்பறீங்க, அதுக்குத் தீனி போகல.

1. ஏழு நாள் சாப்பிடறத அப்படியே எழுதி நார்ச்சத்த கூட்டிப் பாருங்க.

2. தினம் 25 கிராமுக்குக் கீழ இருந்தா பயறு, காய், முழு தானியம்னு ஏத்துங்க. தோலோட வேகவெச்ச மசூர் பருப்பு 100 கிராம்ல மட்டும் சுமார் 8 கிராம் இருக்கு. ஒரே நாள்ல ஏத்தினா வயிறு கல்லு மாதிரி உப்பிக்கும், தினசரி அளவ வாரத்துக்கு வாரம் 5 கிராம் கூட்டினா போதும்.

மூணு மாசம் கழிச்சு திரும்ப டெஸ்ட் எடுங்க, அதுக்கு முன்னாடி எடுத்தா சரியா தெரியாது. ரத்தசோகை இருந்தா எச்பிஏ1சி ரீடிங்கே மாறிக் காட்டும், அதையும் டாக்டர்கிட்ட கேளுங்க. மெட்ஃபார்மின் (சுகர் மாத்திரை) எடுக்கறீங்கன்னா இதை நம்பி தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்க.