வாசகர் கேள்வி: முற்றுகைக்குள் ஒரு சிம்பொனி

கேள்வி: ஜெர்மன் முற்றுகையில் பட்டினி கிடந்த லெனின்கிராடில், சோவியத் இசையமைப்பாளர் ஷொஸ்தகோவிச்சின் ஏழாவது சிம்பொனியை வாசித்தார்கள் என்று அறிந்தேன். ஸ்டாலினின் அரசு முன்னின்று நடத்திய அதனைப் பிரசாரம் என்று ஒதுக்கிவிடலாமா? – வாசகி, ஹட்டன்

பதில்: அரசு அதைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தியது உண்மை, 1942இல் ஸ்டாலின் பரிசும் கொடுத்தது. ஆனால் 1936 ஜனவரியில் ஸ்டாலின் ஷொஸ்தகோவிச்சின் ஒப்பராவை (இசைநாடகத்தை) பார்த்துப் பாதியில் எழுந்துபோக, இரண்டே நாளில் கட்சி நாளேடான ‘பிராவ்தா’ அதனை இசையல்ல, குழப்பம் என்று சாடியது. அஞ்சிய ஷொஸ்தகோவிச், ஒத்திகையில் இருந்த நான்காவது சிம்பொனியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அது மேடையேறியது 1961இல்தான். பரிசளித்த அதே அரசு 1948இல் அவரை மறுபடியும் கண்டித்தது.

1941 செப்டெம்பரில் முற்றுகை தொடங்கியபோது அவர் நகரத்திலேயே இருந்து ஏழாவது சிம்பொனியை எழுதிக்கொண்டிருந்தார். ஒக்டோபரில் அரசு அவரை வெளியேற்றியது, டிசெம்பரில் குய்பிஷெவ் நகரில் எழுதி முடித்தார். அந்த நவம்பரில், லெனின்கிராடில் உடலுழைப்புத் தொழிலாளர் அல்லாதோருக்கு நாளொன்றுக்குக் கிடைத்த பாண் 125 கிராம்: நம் கடைகளில் விற்கும் ஒரு இறாத்தல் பாணில் கால் பங்கைவிடச் சற்றே கூடியது, அதிலும் மாவல்லாத கலப்புகள் உண்டு. அப்படி ஒரு குளிர்காலத்தைக் கடந்துவந்த வானொலி இசைக்குழுவில் முதல் ஒத்திகைக்கு ஏறத்தாழ 15 பேரே வந்தார்கள். ஊதுகருவிக்காரர்களுக்கு மூச்சு போதவில்லை. போர்முனையிலிருந்து வாத்தியக்காரர்களை வரவழைத்து, கூடுதல் உணவு கொடுத்து, 1942 ஓகஸ்ட் 9இல் இசைக்குழுவின் நடத்துநர் கார்ல் எலியாஸ்பெர்க் அதை நடத்திக்காட்டினார். ஜெர்மன் பீரங்கிகள் குறுக்கிடாதபடி சோவியத் பீரங்கிகள் முன்கூட்டியே அவற்றைத் தாக்கின. ஒலிபெருக்கிகள் எதிரியின் நிலைகளுக்கும் இசையைக் கொண்டுசென்றன.

முதல் பகுதியில் ஒரு சிறு முரசு மிக மெதுவாகத் தொடங்கி விடாமல் அதிர, அதன்மேல் எளிய மெட்டொன்று 12 முறை வந்து வந்து பெருகுகிறது. தேயிலைத் தோட்டங்களில், விடியுமுன் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்கு அழைக்கும் தப்பொலியைக் கேட்டு வளர்ந்த நம் பெரியவர்களுக்கு, ஒரே அடி ஓயாமல் விழும்போது அழைப்பு எந்த இடத்தில் கட்டளையாகிறது என்பதை விளக்கவேண்டியதில்லை. அது எந்தப் படையின் முரசு என்று இசை சொல்வதில்லை. ஹிட்லரை மட்டும் கேட்டவர்களும் உண்டு, கூடவே ஸ்டாலினைக் கேட்டவர்களும் உண்டு. இருவரையும் கேட்டவர்கள் பக்கமே நான் சாய்கிறேன்.

முழுதும் கேட்க ஏறத்தாழ 75 நிமிடம் வேண்டும். முரசு காதில் விழவில்லையே என்று தொடக்கத்தில் ஒலியைக் கூட்டிவிடாதீர்கள். நான் அப்படிச் செய்து, சற்று நேரத்தில் அடுத்த காம்பராவிலிருந்து சுவரில் தட்டும் சத்தத்தையும் சேர்த்துக் கேட்டேன்.